நம் ஊரில் வைத்த சர்வர்

என் வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் இடுப்புவலி தேவலையா? மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

இங்கே ஆபீஸில் ஒரு கூத்து நடந்தது. ஒரு துணிக்கடையின் இணையதளத்துக்குச் சர்வர், அதாவது தளத்தை வைத்திருக்கும் இயந்திரம், எந்த ஊரில் வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. என் விரல் தானாகவே நம் ஊரைத் தொட்டுவிட்டது. துணி வாங்குபவர்கள் எல்லாரும் இங்கே, இந்த வெளிநாட்டில்! பக்கம் திறக்கவே யுகமாகிறது என்று ஒரே புகார். மேனேஜர் பிடித்துக்கொண்டார்.

"கேக்குறவங்க இங்க, சர்வர் அங்க. இவ்வளவு தூரம் இருந்தா பதில் எப்படிய்யா சீக்கிரம் வரும்?"

இன்று சர்வரை இங்கேயே மாற்றிவிட்டேன்.

உன் தலையணை உறை ஒன்று அனுப்பு. துவைக்காதே.

நீ போனும் எடுப்பதில்லை, கடிதமும் போடுவதில்லை. அதற்கும் தூரம்தான் காரணம் என்று ஒரு வரி எழுதிவிடேன். நம்பிக்கொள்கிறேன்.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது, மீதி அப்புறம்.

உன்னவன்