ஈக்கு வலது எது?

மார்ச் 4
புது புரொஜெக்டர் வந்துவிட்டது. பழையது புகைந்துபோனதில் ஒரு வாரம் எனக்கும் ஈக்களுக்கும் விடுமுறை. நானே மாட்டினேன். திரைக்குப் பின்னால் புரொஜெக்டர், முன்னால் மெழுகில் ஒட்டிய ஈ, எல்லாவற்றையும் மூடி ஒரு கறுப்புத் துணி. ஓடும் கோடுகளை அது உள்ளே திரையில் பார்க்கும். நான் வெளியே கணினியில் பார்ப்பேன்.

மார்ச் 6
அக்கா போனில்: "ஈ எப்படிப் பாக்குதுன்னு பாக்கவா உனக்குச் சம்பளம்?"

அவள் தெருவை வைத்தே சொன்னேன். முதல் வீட்டு நாய் குரைத்து, சற்றுக் கழித்து அடுத்த வீட்டு நாய் குரைத்தால் தபால்காரர் எந்தப் பக்கம் போகிறார் என்று தெரிந்துவிடும். ஈயின் கண்ணிலும் அப்படித்தான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளிகள். முதலாவதன் செய்தியைக் கொஞ்சம் தாமதப்படுத்தி இரண்டாவதோடு சேர்த்துப் பார்க்கிறது மூளை. இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தால் நரம்பணு படபடவென்று பொரியும். எதிர்த்திசை என்றால் வாயே திறக்காது.

"எங்க தெரு நாய் சும்மாவே குரைக்கும்," என்றாள். அந்த ரக அணுக்களும் உண்டு.

மார்ச் 11
கோடுகள் வலமிருந்து இடம் போனால் பொரிய வேண்டிய அணு, இடமிருந்து வலம் போகும்போது பொரிகிறது. நரம்பணுவோடு இணைத்த ஒலிபெருக்கியில் என் காதாலேயே கேட்டேன். ஐந்து ஈ, ஐந்தும் அப்படியே. புது வகை அணுவா? நானா கண்டுபிடித்தேன்?

மார்ச் 19
பதினேழு ஈ ஆயிற்று. எங்கள் பேராசிரியர் ஒற்றைக் காலில் நின்று யோசிப்பவர், அதனால் கொக்கு. இன்று இரண்டு காலையும் ஊன்றிவிட்டார். "இருபத்தெட்டாம் தேதி கூட்டத்துல நீங்களே பேசுங்க. இது கடைசிவரை உண்மைன்னு நின்னுச்சுன்னா உங்க வேலையை இன்னும் ரெண்டு வருஷம் நீட்டச் சொல்லி நானே கேக்குறேன்."

ஏப்ரலோடு என் வேலை முடிகிறது. நடந்து வரவில்லை, மிதந்து வந்தேன்.

மார்ச் 20
அக்கா தன் தையல் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது.

மார்ச் 26
என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டி முடித்து என்னைக் கூட்டிப்போக வந்தார். "அஞ்சே நிமிஷம்" என்றேன். பொழுது போகாமல், ஈ இருக்கும் பக்கம் துணிக்குள் தலையை விட்டார்.

"கோடெல்லாம் இடது பக்கமா ஓடுதே."

"வலது பக்கம்," என்றேன், கணினியைப் பார்த்தபடி.

"இருபது வருஷமா ஸ்டியரிங் பிடிக்கிறேன். எனக்கு இடது வலது சொல்லித் தர்றியா?"

நானும் தலையை விட்டேன். இடது பக்கம்.

பின்னாலிருந்து காட்டினால் படம் இடவலம் மாறிவிடும். அதைத் திருப்பிவிட புரொஜெக்டரில் ஒரு அமைப்பு இருக்கிறது. பழையதில் போட்டிருந்தது. புதியதில் நான் போடவில்லை. மூன்று வாரமாக ஒரு தடவை — ஒரே ஒரு தடவை — உள்ளே எட்டிப் பார்த்திருக்கலாம்.

ஐயோ, யார்கிட்ட போய் என்னன்னு சொல்றது? சொல்லாம விட்டா? ரெண்டு நாள்தானே. துணிக்குள்ள யாரு பாக்கப் போறாங்க?

இவர் பார்த்தாரே.

மார்ச் 27
சொல்லிவிட்டேன். கொக்கு ஒற்றைக் காலுக்குத் திரும்பினார்.

"மொத்தம் எத்தனை ஈ?"

"முப்பத்தொண்ணு சார்."

"திசையைத் திருப்பிப் போட்டா எல்லாம் சரியா வருதா?"

வருகிறது. முப்பத்தொன்றும் பழைய, சாதாரண, எல்லோருக்கும் தெரிந்த அணு.

"ஈயோட மூளை போடுற அந்தத் தாமதம் எவ்வளவுன்னு இவ்வளவு சுத்தமா நாம அளந்ததில்ல. அதைப் பேசுங்க." நீட்டிப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்க முகமில்லை.

மார்ச் 28
என் தவறோடுதான் பேச்சை ஆரம்பித்தேன். அரங்கமே சிரித்தது. கூசிப்போனேன், பிறகு நானும் சிரித்துவிட்டேன். கேள்வி நேரத்தில் ஒருவர் தவறை யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். "பஸ் டிரைவர்," என்றேன்.

ஏப்ரல் 2
அக்கா: "புது அணு இல்லையா? இப்ப நான் எத்தனை பேர்கிட்ட மாத்திச் சொல்லணும்!"

ஏப்ரல் 24
கடிதம் வந்தது. கொக்கு கேட்டிருக்கிறார்! இரண்டு வருடம் இல்லை, ஒரு வருட நீட்டிப்பு. நம்ப முடியாமல் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். முன்பக்கம் படித்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, பின்னாலிருந்தும் பார்த்தார்.

"எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரு வருஷம்தான்," என்றார்.