சீனி ஒரு கிலோ

பாளையம்பட்டி
7.3.2025

அன்புள்ள அத்தானுக்கு முனீஸ்வரி எழுதுவது.

நான் சுகம். நீங்கள் சுகமாக இருப்பதாக ரேஷன் கடை சொன்னது. நேற்றுக் காலையில் என் போனுக்கு மெசேஜ் வந்தது. அரிசி, துவரம்பருப்பு, பாமாயில், சீனி ஒரு கிலோ. நான் அண்ணன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, நீங்கள் எழுந்து நடமாடுவது எனக்கு மாதம் ஒருமுறை இப்படித்தான் தெரிகிறது. ஸ்மார்ட் கார்டு போடும்போது, "இந்தப் போன் டப்பாவை நீயே கட்டி அழு, எல்லாத்துக்கும் உன் நம்பரையே குடு" என்றீர்களே, அதன் பலன்.

ஆனால் சீனி எதற்கு ஒரு கிலோ? மகன் மாரிசெல்வம் கோயம்புத்தூரில் பெண்டாட்டியோடு தனிக் கார்டு வாங்கிய பிறகு நம் கார்டில் நாம் இரண்டு பேர்தான். ஆளுக்கு அரைக் கிலோ. என் பங்கையும் சேர்த்து வாங்கியிருக்கிறீர்கள். சுகர் வந்ததிலிருந்து காப்பியில்கூடச் சீனி தொடாத மனுஷன் நீங்கள். கேட்க ஆளில்லை என்றதும் ஆரம்பித்துவிட்டீர்களா?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் உங்களுக்குச் சரியாகக் காது கேட்காது, கத்துவீர்கள். நானும் பதிலுக்குக் கத்துவேன். அண்ணன் வீட்டில் எல்லாரும் சாப்பாட்டுத் தட்டோடு வந்து வேடிக்கை பார்ப்பார்கள். கடிதத்தில் எனக்கு ஒரு வசதி இருக்கிறது. நான் சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேச முடியாது.

அண்ணன் மகள் சத்யபிரியா பஸ் ஸ்டாப் பக்கத்தில் இ-சேவை மையம் வைத்திருக்கிறாள். பகலெல்லாம் அங்கேதான் இருக்கிறேன். வருமானச் சான்று, பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன் என்று ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். முந்தாநாள் தங்கம்மாள் என்று ஒரு அம்மாவுக்கு எந்த விரலை வைத்தும் ரேகை விழவில்லை. மெஷினைப் பார்த்து, "நாந்தாண்டா தங்கம்மா, நம்புடா" என்று கெஞ்சினார்கள். சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

சீனி டப்பா பக்கம் போகவேண்டாம்.

இப்படிக்கு,
முனீஸ்வரி


வெள்ளையேந்தல்
15.3.2025

முனீசுக்கு ராமசுப்பு எழுதியது.

உன் கடிதத்தைக் கொடுக்கும்போது போஸ்ட்மேன் இம்மானுவேல், "கோர்ட்டு நோட்டீஸு எதுவும் இல்லையே அண்ணாச்சி?" என்று கேட்டான். அவனை நிற்கவைத்தே கவரைப் பிரித்துப் பார்த்தேன்.

சீனி எனக்கில்லை. குருவம்மாள் மதினி வீட்டுக்குக் கொடுக்கிறேன். அங்கே பிள்ளைகள் இருக்கின்றன. கிடைப்பதை ஏன் விடவேண்டும்? நீ டாக்டரம்மா மாதிரி மிரட்டவேண்டாம்.

மக்காச்சோளத்தில் பாதியைக் காட்டுப்பன்றி தின்றது. பன்றியை அடித்தால் கேசு, அடிக்காவிட்டால் நமக்குக் கஞ்சி. இந்தச் சட்டத்தை எழுதினவர் ஒரு வருஷம் நம் காட்டில் மக்காச்சோளம் போட்டுப் பார்க்கவேண்டும்.

இப்போது ஒரு காரியம். விவசாயிக்கெல்லாம் அடையாள எண் கொடுக்கிறார்கள் என்று திங்கட்கிழமை ஊரில் முகாம் போட்டார்கள். ஆதார் கார்டை நீட்டினேன். அந்தப் பிள்ளை கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, "ஐயா, போன்ல ஆறு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்றது. "அது என் வீட்டுக்காரி போன்லதானம்மா இருக்கு" என்றேன். "போன் போட்டுக் கேளுங்க" என்றது. "நாங்க பேசிக்கிறதில்ல, எழுதிக்கிறோம்" என்றேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தான்கள். வீரபாண்டி, "ஏலே ராமசுப்பு, அப்ப லெட்டர் போட்டு வாங்குடா" என்றான். அவன் கிண்டலுக்குச் சொன்னாலும் யோசனை நல்ல யோசனைதான். ஆகவே அன்று உன் போனுக்கு வந்த ஆறு நம்பரை மறக்காமல் எழுதி அனுப்பு. முகாம் மறுபடியும் போடுவார்களாம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
ராமசுப்பு


பாளையம்பட்டி
22.3.2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைச் சத்யபிரியாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. அந்த ஆறு நம்பர் பத்து நிமிடத்தில் செத்துப்போகும், அத்தான். தபாலில் வந்தால் கருமாதிக்குத்தான் ஆகும்.

அன்று அந்த நம்பர் வந்தபோது நான் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள்தான் எங்கேயோ நிற்கிறீர்கள் என்று புரிந்தது. கூப்பிடுவீர்கள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. பிடிவாதத்தில் நம் இரண்டு பேரையும் அடிக்க ஆளில்லை.

இனி இந்தப் பாடு வேண்டாம். ஒரு போன் வாங்கிக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு வந்து ஆதாரில் உங்கள் நம்பரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கைரேகை வைத்தால் போதும். ஒரு விரல் விழாவிட்டால் அடுத்த விரலை வையுங்கள், மெஷினோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இங்கே ஒரு அறை வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எத்தனை நாளைக்கு விருந்தாளியாக இருப்பது? தனி அடுப்பு வைத்துவிட்டேன். தனிக் கார்டுக்கும் எழுதிப் போடப்போகிறேன். அதற்கு முதலில் நம் கார்டிலிருந்து என் பெயரை எடுக்கவேண்டும். உங்களிடம் சொல்லாமல் செய்ய மனசு வரவில்லை.

இப்படிக்கு,
முனீஸ்வரி


வெள்ளையேந்தல்
3.4.2025

முனீசு,

நீ எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் காட்டுப்பக்கமே போகவில்லை. பேரை எடுக்கிறேன் என்று எவ்வளவு சுளுவாக எழுதிவிட்டாய். அந்தப் பேரைச் சேர்க்கப் போனது ஞாபகம் இருக்கிறதா?

கல்யாணமான புதுசு. உங்கள் அப்பா கார்டில் உன் பேரை அடித்து வாங்கிய சான்றை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அருப்புக்கோட்டை தாலுகா ஆபீசுக்குப் போனோம். நாம் இரண்டு பேரும் தனியாகப் போன முதல் இடம் அதுதான். கோயிலுக்குப் போனால் அம்மா வந்தாள், சினிமாவுக்குப் போனால் தங்கச்சி வந்தாள். தாலுகா ஆபீசுக்குக் கூட்டமாகப் போனால் ஆபீசர் திட்டுவார் என்று நான்தான் வீட்டில் புளுகினேன். உனக்கு இது இன்றுவரை தெரியாது.

கிளார்க் சாப்பிடப் போயிருந்தார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சேவு தின்றோம். ரோஸ் கலர் சோடா வாங்கிக் கொடுத்தேன். நீ பாட்டிலை உடைக்கத் தெரியாமல் உடைத்து அது பொங்கிச் சேலையெல்லாம் கொட்டியது. நீ சிரித்த சிரிப்பில், பட்டா வாங்க வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கிளார்க் வராமலே இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். வந்தார், நீல மையில் உன் பேரை எழுதினார். மை காயவில்லை என்று கார்டை மடக்காமல், பஸ்ஸில் மடியில் விரித்து வைத்துக்கொண்டே வந்தாய். ஜன்னல் காற்றுக்கு அது பறந்துவிடாமல் நானும் ஒரு கையை வைத்திருந்தேன்.

இப்போது பிளாஸ்டிக் கார்டு. மை இல்லை, அதனால் அழிப்பதும் சுளுவுபோல. என்ன பெரிய கம்ப்யூட்டர்.

யோசித்துச் செய், முனீசு. எனக்கு வேண்டாம் என்று இருக்கிறது.

இப்படிக்கு,
ராமசுப்பு


பாளையம்பட்டி
14.4.2025

அன்புள்ள அத்தானுக்கு,

சித்திரை ஒன்றாம் தேதி. பாயசம் வைத்தேன். ஒற்றை ஆளுக்கு வைக்கத் தெரியாமல் நிறைய வைத்துவிட்டேன்.

சேவும் கலரும் மறக்குமா? நீங்கள் புளுகியதும் எனக்கு அன்றே தெரியும். உங்கள் அம்மாவே பஸ் ஏறும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்கள்.

ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்தக் கிளார்க் என்னைப் பார்த்துத்தான், "பேரென்னம்மா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் சொன்னீர்கள். "வயசு?" அதையும் நீங்களே சொன்னீர்கள். "எதுவரைக்கும் படிச்சிருக்கு?" அதற்கும் நீங்களே. என் புருஷனுக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கிறது என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேலாக நீங்கள் நிறுத்தவே இல்லை.

பெண்களுக்கென்று ஒதுக்கிய வார்டில் நான் நின்று ஜெயித்தேன். சட்டம் எனக்கு ஒரு நாற்காலி கொடுத்தது. அதில் நீங்கள் போய் உட்கார்ந்தீர்கள். பேப்பர் மட்டும் கையெழுத்துக்கு அடுப்படிக்கு வரும். சரி, ஆம்பிளைகள் எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று இருந்தேன். போன அக்டோபர் கிராம சபையில், கிழக்குத் தெருவில் குழாய் போட்டும் தண்ணீர் வரவில்லையே என்று கேட்க முதன்முதலாக எழுந்தேன். ஆபீசர், "சொல்லுங்கம்மா" என்றார். நீங்கள் எழுந்து, "அவளுக்கு என்ன சார் தெரியும், நான் சொல்றேன்" என்றீர்கள். ஊரே சிரித்தது. அதைவிட, நான் சொல்ல நினைத்ததையேதான் நீங்களும் சொன்னீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் பஸ் ஏறிவிட்டேன்.

நான் கோர்ட்டுக்குப் போகவில்லை. தாலியைக் கழற்றவில்லை. என் பெயரை நானே சொல்லி ஒரு கார்டு வாங்கவேண்டும், அவ்வளவுதான். எழுதிப் போட்டால் உங்களை விசாரிக்க ஆள் வருவார்கள். நீங்கள் தகராறு பண்ணினால் இது நடக்காது. இனி உங்கள் கையில் இருக்கிறது.

இப்படிக்கு,
முனீஸ்வரி


வெள்ளையேந்தல்
12.6.2025

முனீசுக்கு,

பதில் போட நாளாகிவிட்டது. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

போன் வாங்கிவிட்டேன். ஆதாரில் நம்பர் மாற்றியாயிற்று. எட்டு விரல் விழவில்லை, ஒன்பதாவது விரல் விழுந்தது. மெஷினோடு சண்டை போடவில்லை, கேட்டுப்பார். விவசாயி எண்ணும் வந்துவிட்டது. காட்டுப்பன்றிக்கு இன்னும் எண் கொடுக்கவில்லையாம்.

கார்டு விஷயமாக ஆபீசரம்மா நேற்று வந்துவிட்டுப் போனார்கள். தகராறு ஒன்றும் பண்ணவில்லை. பேரை எடுத்துக்கொள்.

குருவம்மாள் மதினிக்குச் சீனி கொடுக்கிறேன் என்று எழுதியது பொய். நீ காப்பிக்கு மூன்று கரண்டி போடுகிறவள். என்றைக்காவது திடுதிப்பென்று வந்து நின்றால் வீட்டில் சீனி இல்லை என்று ஆகிவிடக்கூடாது. எவர்சில்வர் தூக்கு நிறைந்து, இப்போது குடத்தில் கொட்டித் துணியால் வேடு கட்டி வைத்திருக்கிறேன். நம் வீட்டு எறும்புக்கெல்லாம் இனி சுகர்தான்.

கார்டில் உன் நம்பர்தான் இன்னும் இருக்கிறது. அதை மாற்ற மட்டும் எனக்குக் கை வரவில்லை. வேண்டுமானால் சத்யபிரியாவை விட்டு நீயே எடுத்துவிடு.

வீடு வெறிச்சென்று இருக்கிறது, முனீசு. வேறென்ன எழுத.

ராமசுப்பு


பாளையம்பட்டி
8.7.2025

அன்புள்ள அத்தானுக்கு,

அந்த ஆபீசரம்மா உங்களைப் பார்த்த அன்றே எனக்குப் போன் போட்டார்கள். "ஏன் தனியா இருக்காகன்னு உங்க வீட்டுக்காரர்ட்ட கேட்டேம்மா. 'அத நான் சொல்லக்கூடாது, அவதான் சொல்லணும், அவளையே கேளுங்க'ன்னு உங்க நம்பரைக் குடுத்தாரு" என்றார்கள். இதை நீங்கள் கடிதத்தில் எழுதவே இல்லையே.

எனக்குப் பேச்சு வரவில்லை, அத்தான். இத்தனை வருஷம் வாயைத் திறக்கவிடவில்லை என்று சண்டை போட்டவள், திறக்கச் சொன்னதும் ஊமையாக நிற்கிறேன். அந்த அம்மா, "லைன்ல இருக்கீகளா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அப்புறம் சொன்னேன். முழுசாகச் சொன்னேன்.

போன வாரம் கம்ப்யூட்டரில் பேரை எடுத்தோம். ஆறு நம்பர் என் போனுக்கே வந்தது. "அத்தை, நான் போடவா?" என்று சத்யபிரியா கேட்டாள். நானே போடுகிறேன் என்றேன். போட்டு முடித்ததும் அழுதேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அழுதேன். அந்த நீல மை ஞாபகம் வந்துவிட்டது.

இனி கார்டில் நீங்கள் ஒரு ஆள்தான். நேற்று மெசேஜ் வந்தது. அரிசி, பருப்பு, பாமாயில், சீனி அரைக் கிலோ.

என் பங்குதான் போய்விட்டதே, அத்தான். அந்த அரைக் கிலோ உங்கள் பங்கு. சீனியே தொடாத மனுஷன் அதையும் வாங்கிக் குடத்தில் கொட்டியிருக்கிறீர்கள்.

உங்கள் கார்டில் என் நம்பரை நான் மாற்றவில்லை. மாற்றவும் மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை டவுன் பஸ்ஸில் வருகிறேன். பெண்களுக்கு அதில் டிக்கெட் இல்லை, அதனால் நீங்கள் வரவேண்டாம், நானே வருகிறேன். இருப்பதற்கு வரவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காப்பி குடிக்க வருகிறேன். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசிவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடுவேன்.

பால் மட்டும் வாங்கி வையுங்கள்.

முனீஸ்வரி