முதலாம் திகதிப் பிள்ளை

15 செப்டம்பர் 1997

மஃபின் தொழிற்சாலை லைனில் என் பக்கத்தில் நிற்கும் லூப்பே இன்றைக்குப் பச்சை, வெள்ளை, சிவப்பு ரிப்பன் குத்தி வந்தாள். இன்றிரவு மெக்சிக்கோவில் ஜனாதிபதி மாடத்தில் நின்று மெக்சிக்கோ வாழ்க என்று கத்துவாராம், சனமும் சேர்ந்து கத்துமாம். விடிந்தால் சுதந்திர தினம். அது மே ஐந்து அல்லவா என்றான் சுப்பவைசர். மே ஐந்து, பிரெஞ்சுப் படையை ஒரு சண்டையில் வென்ற நாள். வருடாவருடம் சொல்லிக் களைத்துவிட்டாள்.

உங்களுடையது எப்போது என்று என்னைக் கேட்டாள். இலங்கைக்குப் பெப்ரவரி நான்கு – யாருடைய சுதந்திரம்? நான் மஃபினை அடுக்கினேன்.

18 செப்டம்பர்

போன சனிக்கிழமை அவர்களுக்குப் பிள்ளை வீரர் நாளாம். அமெரிக்கப் படை வந்தபோது கோட்டையை விட்டு ஓடாமல் செத்த, இராணுவப் பள்ளியில் படித்த ஆறு கடேற் பெடியள். ஒருவன் கொடியைச் சுற்றிக்கொண்டு மதிலால் குதித்தானாம். ஆறு பெயரையும் லூப்பே மூச்சு விடாமல் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியது.

குதித்தவனின் தாய்க்கு என்ன பெயர் என்று கேட்டேன். தெரியாதாம். கொடியின் நிறம் மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

5 அக்டோபர்

இங்கே இயக்கத்துக்கு வேலை செய்கிற அன்புராசா வந்தான். நவம்பர் 27 மாவீரர் நாளுக்கு மண்டபத்தில் என் மகன் நிக்சனின் படம் வைக்க வேண்டுமாம். எங்களிடம் இருப்பது பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டோடு ஒரே ஒரு படம்.

"அது பிரச்சினை இல்லை அக்கா, சேட்டை இயக்க வரிச்சீருடையாக் கீறி மாத்தலாம்."

இவர் தலையாட்டினார். போன வருடம் பிள்ளை செத்த செய்தி வந்ததிலிருந்து இவருக்கு ஒரு நிமிர்வு. கடையில், கோயிலில், எல்லாரும் மாவீரரின் அப்பா என்று கதிரை இழுத்துப் போடுகிறார்கள். எனக்குப் பற்றி எரிகிறது. பதினாறு வயது. இங்கே கனடாவுக்கு வர மெடிக்கலும் முடித்துவிட்டு ஊரில் விசாவுக்கு இருந்த என்ர பிள்ளை. ஆர் அவனை இயக்கத்துக்குக் கேட்டது?

31 அக்டோபர்

எங்களுக்குச் செத்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாள் நவம்பர் இரண்டாம் திகதி மட்டும்தான். லூப்பே ஆட்களுக்கு இரண்டு நாள் – இரண்டாம் திகதி செத்துப்போன பெரியவர்களுக்கு, முதலாம் திகதி செத்துப்போன பிள்ளைகளுக்கு. மேசையில் படம் வைத்து, அவர்களுக்குப் பிடித்ததைப் படைப்பார்களாம். உன் மகனுக்கு எந்த நாள் என்று கேட்டாள்.

1 நவம்பர்

முதலாம் திகதி.

நிக்சனின் படத்தை எடுத்துக்கொண்டு மல்வேர்னுக்கு, லூப்பே வீட்டுக்குப் போனேன். செத்துப்போன அவளுடைய கைக்குழந்தையின் படத்துக்குப் பக்கத்தில் இடம் விட்டிருந்தாள். ஒரு பேணி மைலோ மாவும் கரண்டியும் வைத்தேன். அவன் கரைத்துக் குடிக்க மாட்டான், அள்ளித்தான் தின்பான்.

படத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

22 நவம்பர்

இவர் அலுமாரியைக் கவிழ்த்துத் தேடுகிறார். தேடட்டும்.

27 நவம்பர்

நான் போகவில்லை. இவர் நேரத்தோடு திரும்பிவிட்டார். படம் இல்லாததால் பெயரை மட்டும் ஒட்டியிருந்தார்களாம். இயக்கப் பெயர், இளவழுதி. நாங்கள் வைத்த பெயர் இல்லை. இவர் அதைத் தாண்டிப் போய்விட்டாராம், அன்புராசாதான் கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டிவந்து காட்டினானாம்.

"என்ர பிள்ளையை எனக்குத் தெரியேல்லை, றெஜினா."

கோட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். படம் எங்கே என்று கேட்டார். சொன்னேன் – லூப்பே, மேசை, முதலாம் திகதி, பிள்ளைகள். சத்தம் போடுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மைலோ வச்சனீரோ?" என்று கேட்டார்.

ஓம் என்றேன்.