படிக்காமல் போட்ட கையெழுத்து

என் அருமை மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். காகிதத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. மெசேஜ் போடலாம் என்றால், உன்னைத் தவிர அதை இன்னும் யார் யார் படிப்பார்களோ என்று எனக்கே யோசனையாக இருக்கிறது. அதெல்லாம் உன் வியாதி என்று எத்தனை நாள் கேலி செய்திருக்கிறேன்! இப்போது எனக்கும் ஒட்டிக்கொண்டது.

இங்கே அம்மாவும் நானும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. நீ அவளோடு தினமும் பேசுகிறாய் என்று எனக்குத் தெரியும். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் அது நீதான். இரண்டு தடவை வெளியே நின்று ஒட்டுக்கேட்கவும் பார்த்தேன். குக்கர் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. உனக்குச் சளி பிடித்திருக்கிறது என்று மட்டும் புரிந்தது. சுடுதண்ணீர் குடி.

எறும்பு ஜெயிலுக்குள்ளே போய் இன்றோடு நாற்பத்தொரு நாள். அஞ்சாம் வகுப்பிலிருந்து உன் கூடவே சுற்றிய பையன். தன்னைவிடக் கனமான புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வருவான் என்று நான்தான் அவனுக்கு அந்தப் பேரை வைத்தேன். அவனை நானே பிடித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும்.

அன்றைக்கு நடந்ததை நீ அம்மா வாயால் கேட்டிருப்பாய். என் வாயாலும் கேள். போலீஸ் என்று இரண்டு பேர் வந்தார்கள். சீருடை இல்லை, நல்ல மரியாதையான பேச்சு. தெருமுனைக் கேமரா கம்பத்தை யாரோ கொளுத்திவிட்டார்கள், அது விஷயமாக உங்கள் பெண்ணின் பழைய கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். யார் வந்து கேட்டாலும் "உத்தரவுக் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கப்பா" என்று நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய்! என் காதில் ஏறினால்தானே? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்று டீ போட்டுக் கொடுத்தேன். பாஸ்வேர்டை நானே தட்டிக் கொடுத்தேன். போதாததற்கு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் கிளம்பியபோது லிஃப்ட் கதவை மூடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கு முன்னால், கூடத்தில் உட்கார்ந்திருந்தபோதே ஒரு தாளை நீட்டியிருந்தார்கள். என் கண்ணாடி ஃப்ரிட்ஜ் மேலே இருந்தது. எழுந்து போய் எடுத்துவந்து படித்தால் அவர்களைச் சந்தேகப்படுகிற மாதிரி இருக்குமே என்று ஒரு கூச்சம். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அந்தத் தாளில் என்ன இருந்தது என்று எறும்புக்காக வாதாடுகிற நம் வக்கீலம்மா மூலமாகப் போன மாசம்தான் தெரிந்தது. "உத்தரவைக் காட்டினார்கள், முழுவதும் படித்துப் பார்த்தேன், மனமுவந்து கம்ப்யூட்டரை ஒப்படைத்தேன்" என்று இருக்கிறது. கீழே என் கையெழுத்து, அழகாக, சுழியோடு.

முப்பத்தொரு வருஷமாக லிஃப்ட் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். சோதித்துப் பார்க்காமல் பராமரிப்புப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறவன் கொலைகாரனுக்குச் சமம் என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! ஒருத்தனை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறேன். அந்த நான், என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடி போடச் சோம்பல்பட்டு, ஒரு பையனைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டேன்.

நீயும் அவனும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் எழுதிக்கொண்டதை அந்தப் பெட்டியிலிருந்துதான் எடுத்தார்களாம், வக்கீலம்மா எனக்குப் படித்துக் காட்டினார்கள். "வெள்ளிக்கிழமை ஏழரைக்குக் கோபுரத்தைக் கொளுத்திடணும். எண்ணெய் நான் கொண்டு வரேன். நீ வாசலைப் பாத்துக்க." அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கம்பமும் எரிந்தது. பேருந்திலும் தெருவிலும் முகத்தைப் படிக்கிற கேமரா வேண்டாம் என்று நீங்கள் இரண்டு பேரும் ஊர்வலம் போனதும் அவர்களுக்குத் தெரியும். அப்புறம் என்ன, இரண்டும் இரண்டும் நாலு என்று முடிச்சுப் போட்டுவிட்டார்கள். உன்னை நீ இருக்கும் ஊரிலேயே மூன்று மணி நேரம் உட்காரவைத்துக் கேட்டார்கள் என்று அம்மா சொன்னாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அது வெறும் விளையாட்டில் வருகிற கோபுரம்தான், நிஜக் கம்பம் இல்லை என்று நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய். சிநேகிதிதானே, சிநேகிதனைக் காப்பாற்றச் சொல்கிறாள் என்று எதிர்த்தரப்பில் தட்டிக்கழிக்கிறார்கள். அதைக் கேட்டதும் எனக்கு ஒன்று தோன்றியது. கண்ணால் பார்க்காமல் இனி எதையும் நான் ஒப்புக்கொள்வதாக இல்லை. அந்தக் கோபுரத்தை நானே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஆமாம், சிரி. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி அம்மாவின் தையல் மேசையில் வைத்திருக்கிறேன். விளையாட்டில் என் பேர் ஸ்பானர். நுழைந்த அஞ்சு நிமிஷத்தில் எவனோ வந்து தடியால் என்னை ஒரு தட்டுத் தட்டினான். வயசுக்கு மரியாதை இல்லையா என்று எழுதினேன். "தாத்தா, இங்க இதுதான் வணக்கம். நீங்களும் ஒண்ணு போடுங்க" என்று பதில் எழுதினான். போட்டேன். நல்ல பையன், ஆற்றைத் தாண்டும் வழியைக் காட்டிக் கொடுத்தான்.

மூன்று வாரம் பாடாய்ப் பட்டேன். நூறு உயிர்த்துளி வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறோமா? படியில் தவறி விழுந்தால் பத்துப் போகும். காட்டுப்பன்றி முட்டினால் அஞ்சு. சிநேகிதமாகத் தட்டினால் ஒன்று. லிஃப்ட்டுக்கு வைப்பது போலவே ஒரு புத்தகம் போட்டு, தேதி, நேரம், என்ன கோளாறு, என்ன செய்தேன் என்று எழுதி வைத்திருக்கிறேன். "அந்தப் புள்ள விளையாடினப்போ எல்லாம் நேரம் போச்சுன்னு கத்தினீங்களே, இப்ப என்னவாம்?" என்கிறாள் அம்மா. ஆபீஸ் வேலை மாதிரி என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை கோபுரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கரிபிடித்து நிற்கிறது. அடியில் ஒரு கல். அதை யார் எப்போது எரித்தார்கள் என்று அந்தக் கல்லே சொல்கிறது. வெள்ளிக்கிழமை, ஏழு நாற்பத்திரண்டு. முதல் பேர் எறும்பு. நான் வைத்த பேரையே விளையாட்டுக்கும் வைத்திருக்கிறான், களவாணி. இரண்டாவது பேர்: லிஃப்ட்டுக்காரன் மகள்.

நீ அந்தப் பேரில் விளையாடுகிறாய் என்று எனக்குத் தெரியாது, அம்மாடி. எத்தனை வருஷமாக? லிஃப்ட்டுக்குள் கேமரா வைக்கலாமா கூடாதா என்று சண்டை போட்டோமே, "தனியா போறப்ப மூக்கு நோண்டுற உரிமைகூட மனுஷனுக்கு இல்லையாப்பா?" என்று நீ கத்தினாயே, அப்போதும் இதே பேரா? கொஞ்ச நேரம் எனக்குத் திரை தெரியவில்லை. அம்மா வந்து, "விளையாட்டுல செத்ததுக்கா இப்படி அழறீங்க?" என்று கேட்டாள்.

எறும்பின் அம்மாவையும் போய்ப் பார்த்தேன். ஜெராக்ஸ் கடையைச் சாத்திவிட்டு வந்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார்கள் என்றுதான் போனேன். "நானா இருந்தாலும் கதவைத் திறந்துதான் விட்டிருப்பேங்க" என்றார்கள். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

உனக்கும் எனக்கும் நடந்த சண்டை எல்லாவற்றையும் திரும்ப யோசித்துப் பார்க்கிறேன். என் பழமொழிக்கு நீ ஒரு பதில் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "மடி என்னோடதுப்பா. கனம் இருக்கோ இல்லையோ, கைவிட்டுப் பாக்க அவங்க யாரு?" வாய்க்கொழுப்பு என்று நினைத்தேன். போன வாரம் ஒரு லிஃப்ட்டின் அடியில் படுத்துக்கொண்டு, கயிறு அறுந்தால் பெட்டியைப் பிடித்து நிறுத்துகிற பிரேக்குக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தேன். என் சர்வீஸில் அந்தப் பிரேக் இரண்டே தடவைதான் வேலை செய்திருக்கிறது. கயிறு நல்ல கயிறுதானே என்று யாராவது அதைக் கழற்றி வைப்பார்களா? கழற்றினால் நானே உதைப்பேன். நீ கேட்கச் சொன்ன காகிதமும் அந்தப் பிரேக்தான் என்று படுத்த இடத்திலேயே உறைத்தது. இத்தனை வயசில் உறைக்கிறது, போ.

அடுத்த புதன்கிழமை விசாரணை. உத்தரவு எதையும் காட்டவில்லை, நான் எதையும் படிக்கவில்லை என்று சொல்லப்போகிறேன். வக்கீலம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள்: பொய்யாகக் கையெழுத்துப் போட்டதாக என் மேலேயே திரும்பலாம், லிஃப்ட் வேலை லைசென்ஸுக்கும் ஆபத்து வரலாம். ஓய்வுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கிறது. வந்த இருவரில் ஒருவர் நேற்று என்னை வாசலில் பார்த்து, "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சார் வம்பு?" என்று அன்பாகத்தான் கேட்டார். உள்ளே வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். பொய் சொல்லவில்லை, இரண்டு தாழ்ப்பாளையும் போட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். விளையாட்டில் படுக்கவைக்காமல் கம்ப்யூட்டரை அணைத்தால் நம் ஆள் அங்கேயே நின்றுகொண்டிருப்பான் அல்லவா? என் ஆளைக் கோபுர வாசலில், அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன். போன் எடுக்க வேண்டாம், பதில் எழுத வேண்டாம். அந்தப் பக்கம் வந்தால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போ.

சளிக்கு மிளகு போட்டுக் குடி. நீ எங்கே இருந்தாலும் யாருக்கும் தலைகுனியாமல் இருக்க வேண்டும். உன் அப்பாவுக்காகவும் குனியாதே.

உன்னைத் திட்டின வாயாலேயே வாழ்த்துகிற,
அப்பா


பத்து நாள் கழித்து

அம்மாடிக்கு,

என் முதல் கடிதம் வந்திருக்கும். கோபம் தீர்ந்திருக்காது. தீர வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவே சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். "உண்மையச் சொல்லுங்க, ஆனா தலையச் சொறிஞ்சுக்கிட்டு நிக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினாள். கூண்டில் ஏறியதும் கை தானாகத் தலைக்குப் போனது, என்ன செய்ய.

நீதிபதி ஒரு அம்மா. தாளைக் காட்டி இது உங்கள் கையெழுத்தா என்றார்கள். ஆமாம் என்றேன். இதில் உள்ளது உண்மையா என்றார்கள். இல்லை என்றேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "படிக்காமலா கையெழுத்துப் போட்டீங்க? உங்க தொழில்லயும் இப்படித்தானா?" என்று கேட்டார். அதுதான் சுருக்கென்று தைத்தது. "முப்பத்தொரு வருஷத்துல இந்த ஒண்ணுதாங்க படிக்காம போட்டது. அதுல ஒரு புள்ள அம்பது நாளா உள்ள இருக்கான்" என்றேன். முதல் வரிசையில் எறும்பின் அம்மா உட்கார்ந்திருந்தார்கள், அந்தப் பக்கம் என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த உத்தரவைக் கொண்டுவாருங்கள் என்றார் நீதிபதி. கோப்பைப் புரட்டினார்கள், இரண்டு பேர் சேர்ந்து புரட்டினார்கள். இல்லை. எனக்கும் நல்ல திட்டுக் கிடைத்தது. என் கையெழுத்து விஷயத்தில் என்ன செய்வது என்று பிறகு பார்ப்பார்களாம். லைசென்ஸ் போனால் போகட்டும். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் எறும்புக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது, கண்ணு. ஜாமீன் கிடைத்துவிட்டது!

சாயங்காலம் நம் வீட்டுக்கு வந்தான். பாதியாக இளைத்திருக்கிறான். வந்து நின்றதும் கேட்டான்: "என்ன அங்கிள், லிஃப்ட் ஓடல? இன்னிக்கும் மாடி ஏறித்தான் வந்தேன்." உண்மைதான், நாலு நாளாக நம் வீட்டு லிஃப்ட் ரிப்பேர். ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவன் வீட்டு லட்சணம் இது. அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். அம்மா அவனுக்கு இரண்டு தட்டு சாப்பாடு போட்டாள். அவனுடைய கம்ப்யூட்டரும் போனும் இன்னும் அவர்களிடம்தான் இருக்கின்றன, வர மாசக்கணக்காகுமாம்.

அவன் போன பிறகு விளையாட்டைத் திறந்தேன். கடிதம் போட்ட நாளிலிருந்து தினமும் திறந்து பார்த்துப் புத்தகத்தில் எழுதிவருகிறேன். உயிர்த்துளி நூறு. நூறு. நூறு. புதன்கிழமை காலையில் கோர்ட்டுக்குக் கிளம்பும்போதும் நூறு.

நேற்றுச் சாயங்காலம் தொண்ணூற்றொன்பது.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பன்னி ஏதாச்சும் முட்டியிருக்கும்" என்றாள். பன்றி முட்டினால் அஞ்சு குறையும், புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எறும்பிடம் கம்ப்யூட்டர் இல்லை. அங்கே எனக்குத் தெரிந்த ஒரே பையனிடம் கேட்டேன், "நான் இல்ல தாத்தா" என்றான். ஆற்றைத் தாண்டி அவ்வளவு தூரம் ஸ்பானரைத் தேடி வந்து, ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போக வேறு யார் இருக்கிறார்கள்?

அந்த ஒரு துளியை நான் இன்னும் நிரப்பவில்லை. ஒரு ரொட்டி தின்றால் நூறாகிவிடும், பையில் ரொட்டி இருக்கிறது. தின்ன மனசு வரவில்லை.

நல்லா இரு, அம்மாடி. கண்ணாடி போட்டு, நாலு தடவை படித்துப் பார்த்துத்தான் கீழே கையெழுத்துப் போடுகிறேன். உன் கோபம் இருக்கிறவரை இருக்கட்டும். எனக்கு இன்னும் தொண்ணூற்றொன்பது இருக்கிறது. வந்து வந்து அடி.

கோபுர வாசலில் நிற்கும்,
லிஃப்ட்டுக்காரன்