சீட்டில் வந்த பெயர்

நவம்பர் 23, ஞாயிறு. இரவு 9.40.

மாதத்தின் முதல் ஞாயிறு சபையில் ஆளுக்கொரு சீட்டு எடுத்தோம். அதில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்காக மாதம் முழுவதும் ஜெபிக்க வேண்டும். எனக்கு வந்தது செல்வராணி. என் மகளைப் பற்றி ஊரெல்லாம் பேசியவள். சீட்டைப் பைபிளுக்குள் வைத்து மூடினேன். ஒரு நாள்கூட ஜெபிக்கவில்லை.

இன்று ஆராதனை முடிந்ததும் பாஸ்டரம்மா என்னை ஒரு மணி நேரம் பஸ்ஸில் அரும்பாவூருக்கு அழைத்துப் போனார். செல்வராணி படுத்த படுக்கையாகக் கிடந்தாள். என் கையைப் பிடித்தவள் விடவில்லை.

"தெனம் பத்து மணிக்கு நீங்க எம்பேரச் சொல்லி ஜெபிக்கிறது இங்க கேக்குதுக்கா. அப்பறந்தான் தூக்கமே வருது. நேத்து நடுவுல ரொம்ப இருமுனீங்களே, மருந்து சாப்புடுங்க."

நேற்றுப் பத்து மணிக்கு நான் இருமியது உண்மைதான். பெரம்பலூரில், என் வீட்டில், டிவி பார்த்துக்கொண்டு.

"பாத்தீங்களா, அன்பு எவ்ளோ தூரம் போவுது" என்று பாஸ்டரம்மா சிரித்தார். நானும் தலையை ஆட்டிவைத்தேன்.

சீட்டை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். அவள் பெயரை ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். மன்னிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. மணி பத்தாகப் போகிறது. யாரோ என் குரலில் ஆரம்பிப்பதற்குள் நான் முழங்காலில் நின்றுவிட வேண்டும்.