எதிர்ப்பக்க முடிச்சு

பாறைக் குப்பம்,
புதன்கிழமை, 11.6.75

மச்சானுக்கு,

பொம்பளை ஏறினால் கட்டுமரத்துக்கு ஆகாது என்பார்கள். ஆனாலும் அண்ணனைக் கெஞ்சி, அவன் கட்டுமரத்தில் ஏறி, சதுரங்கப்பட்டினத்திலிருந்து இங்கே வந்தேன். ஐப்பசி மழையில் கடலுக்குப் போன நீ ஏழு மாதமாகத் திரும்பவில்லை. வரும் வெள்ளிக்கிழமை என் தாலியை அறுக்க நாள் குறித்துவிட்டார்கள். "கடைசியா ஒருவாட்டி தேடிடலாம், அண்ணாத்தே" என்றேன்.

பாறைகளுக்கு நடுவே ஒரு கட்டுமரம் கிடந்தது. கட்டைகளைப் பிணைத்த கயிற்றை எதிர்ப்பக்கமாகச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. பீச்சாங்கைக்காரன் நீதான் அப்படி முடிச்சுப் போடுவாய்.

பக்கத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்ணைக் கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரரு கட்டினது. இன்னா, அப்டிப் பாக்கற?" என்றாள். அவளுக்கு நிறைமாதம். மாதங்களை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

தண்ணீர் குடித்துவிட்டு வந்த அண்ணனிடம், "அவரு இங்க இல்ல" என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் உன்னை வெட்டிவிடுவான்.

மச்சான், வெள்ளிக்கிழமைக்குள் ஒரே ஒருமுறை நம் கரையில் வந்து நில். நாலு பேர் பார்த்தால் போதும். பிறகு எங்கே வேண்டுமானாலும் போ.

இதை அவளிடமே கொடுத்துவிட்டுப் போகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாதாம். "அவரையே படிச்சுக் காட்டச் சொல்றேன்" என்கிறாள்.

வெள்ளிக்கிழமை வரை,
உன் பெண்சாதி