மரத்துப் போச்சு

சிம்பாங் அம்பாட் தோட்டம்
3 மார்ச் 1934

சிரஞ்சீவி மருமகன் தங்கையாவுக்கு, மாமன் தம்புசாமி ஆசீர்வாதம். இங்கு எல்லாரும் சுகம், என் முதுகு நீங்கலாக.

இப்போது நான் சொல்லப்போகும் கதையை ஈரேழு உலகத்திலும் எவனும் நம்பப்போவதில்லை. மாரியம்மன்மேல் ஆணையாக எழுதுகிறேன். என் முதுகெலும்பை ரயில்வேக்காரன் குத்தகைக்கு எடுத்துவிட்டான். கழுத்தில் தம்பின் ஸ்டேஷன், இடுப்பில் மலாக்கா ஸ்டேஷன். காலை எட்டு மணிக்கு ஒரு கூட்ஸ் வண்டி இறங்குகிறது. அது கடக்கும்வரை குனிந்த நான் நிமிர்வதில்லை, நிமிர்ந்த நான் குனிவதில்லை. தோளில் காண்டாக் கம்பை வைத்து இரண்டு முனையிலும் ரப்பர் பால் வாளியை மாட்டினால், ஒன்றில் பால் இருக்கிறது, மற்றதில் புக்கிட் காத்தில் மலை உட்கார்ந்திருக்கிறது.

தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரசர் குலம் ஐயா, "வாயுதான் தம்புசாமி, மூண்டு ஏப்பம் விட்டால் போயிடும்" என்றார். முந்நூறு விட்டேன். பக்கத்து லயத்துக் கூரை பறந்ததுதான் மிச்சம். கங்காணியோ காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது எல்லார் முன்னாலும், "இவனுக்கு வலி முதுகுல இல்லடா, வாயில" என்கிறான்.

நீ டவுன் ஆஸ்பத்திரியில் டிரசர். நான் உன் அம்மாவுக்கு அண்ணன். ஒரு வழி சொல்லு.

அன்புள்ள மாமன்,
தம்புசாமி

மலாக்கா
7 மார்ச் 1934

மாமா அவர்களுக்கு, தங்கையா நமஸ்காரம். வேலாயி அத்தையை விசாரித்ததாகச் சொல்லவும்.

வார்டில் உட்கார்ந்து படித்துச் சிரித்தேன். பிறகு பயமாகிவிட்டது. போன வருஷம் புலி கடித்துவிட்டது என்று எழுதினீர்கள். லீவு போட்டு ஓடிவந்தேன், பூனை. இந்த ஒரு தடவையாவது நேராகச் சொல்லுங்கள் மாமா.

பாரம் தூக்கியும், பால்மரத்தில் தாழ்ந்த வெட்டுக்குக் குனிந்தும் வருகிற சதைப் பிடிப்பு நாலு நாள் படுத்தால் தணியும். இடுப்பில் தொடங்கித் தொடை வழியாகக் கால்வரை இழுத்து, இருமும்போது சுண்டினால் அது நரம்பு. படுத்தும் தணியாமல், சாயங்காலம் காய்ச்சல் கண்டு, உடம்பும் இளைத்தால் க்ஷயம் எலும்பையே தின்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அதிலும் கால் மரத்துவிட்டால் ஒரு நாள்கூடத் தாமதம் கூடாது. பெரிய டாக்டரிடம் பேசி ஒரு கட்டில் நிறுத்திவைத்திருக்கிறேன். சொல்லி அனுப்புங்கள், ஆஸ்பத்திரி வண்டியோடு நானே வருகிறேன்.

தங்கையா

தோட்டம்
11 மார்ச் 1934

மருமகனுக்கு ஆசீர்வாதம்.

படுத்தால் தணிகிறதா என்கிறாய். என்னை யார் படுக்க விட்டது? சாயங்காலக் காய்ச்சலா? உன் அத்தை என் முதுகில் தோசை சுட்டு லயம் முழுக்கப் பரிமாறுகிறாள். இளைப்பா? நேற்று பக்கத்து வீட்டு முனியம்மா, என் வேட்டி கொடியில் காய்கிறது என்று நினைத்து என்னையும் சேர்த்து மடித்துவிட்டாள். கால் இரண்டும் இன்னும் என் பேரில்தான் இருக்கின்றன. அவை போனால் வேலாயி டவுனுக்கு வரும் லோரி முனியாண்டியிடம் சொல்லி அனுப்புவாள்.

கட்டிலை யாருக்கும் கொடுத்துவிடாதே தங்கையா. இது தமாஷ் இல்லை.

மாமன்

மலாக்கா
16 மார்ச் 1934

மாமா அவர்களுக்கு,

நேற்று லோரி முனியாண்டி அண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சினைக்கூட நிறுத்தாமல் கத்தினார்: "தங்கையா! ஒங்க மாமா காலைல மரத்துக்குப் போச்சாம்லா! அத்த சொல்லச் சொன்னாங்க!" அப்பாடா என்றிருந்தது. விடியக் காலையில் பால்மரத்துக்கு வேலைக்குக் கிளம்புகிற ஆளுக்குக் காய்ச்சலாம், தோசையாம்! என்னைப் பயமுறுத்தியதற்கு அபராதம் ஒரு பலாப்பழம், பெரியதாக.

கட்டிலைக் குருபோங்கிலிருந்து வந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள்.

தங்கையா

பினாங்கு
2 மே 1934

தங்கையா,

வேலாயி சொல்லி அனுப்பியது, "மாமா காலு மரத்துப் போச்சு" என்று. முனியாண்டியும் அதையேதான் கத்தினானாம். லோரிச் சத்தத்தில், மரத்துப் போன என் காலை நீ மரத்துக்கு அனுப்பிவிட்டாய். நல்ல செய்தி என்றால் யார்தான் இரண்டாம் தடவை கேட்கிறார்கள்?

உன் கடிதத்தை வேலாயிக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாதது வசதியாகப் போயிற்று. "வண்டி கொண்டாரேன்னு எழுதியிருக்கான்" என்றேன். பலாப்பழம் கேட்டவனிடம் இன்னொரு தடவை காலைக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. அவள் பத்து நாள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "டவுன்ல வண்டி கெடைக்கலையோ என்னமோ" என்று உனக்காகப் பரிந்து வேறு பேசினாள்.

மாதக் கடைசியில் தோட்டத்துக்கு வந்த டாக்டர் பாதத்தில் ஊசியால் குத்தினார். எப்போது குத்துவார் என்று நான் கேட்டேன். "பிந்திப்போச்சு" என்று குலம் ஐயாவிடம் சொல்லிவிட்டுக் கை கழுவினார். நடக்காதவனுக்கு லயத்தில் வீடு கிடையாது. நாளைக்கு ஊருக்குக் கப்பல். ஊர் விலாசம் எழுதவில்லை. தேடாதே.

ஆனால் தோட்டத்தில் எனக்கு நடந்த வழியனுப்பு விழாவை நீ பார்த்திருக்க வேண்டும்! ஏழு யானை, பன்னிரண்டு ஜோடி நாதஸ்வரம். துரை அழுத அழுகையில் காண் வாய்க்காலெல்லாம் நிரம்பிப் பால்மரமெல்லாம் மிதந்தது. கங்காணி காலைத் தொட்டுக் கும்பிட்டான். என்னை ஓர் அடி நடக்க விட்டார்களா? நாலு பேர் தூக்கித்தான் லோரியில் வைத்தார்கள்.

யானை பொய். நாதஸ்வரம் பொய். நாலு பேர் தூக்கியது மட்டும் நிஜம்.

தம்புசாமி